விபத்து அறிக்கையின் இலக்கணம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், திருச்சுழியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் காப்பியங்களையும் சிற்றிலக்கியங்களையும் புதுக்கவிதையையும் ஆராய்ந்திருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பனுவல் இவ்வகைகளுள் எதிலும் அடங்காதது. அதை எழுதியவர் புலவர் அல்லர். காவல் நிலையத்து எழுத்தர். ஆயினும் இம்மாநிலத்தில் நாள்தோறும் எழுதப்படும் தமிழ் உரைநடையில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. சாலை விபத்து குறித்துக் காவல்துறை எழுதும் அறிக்கையையே குறிப்பிடுகிறேன்.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நிகழ்ந்தன என்றும், அவற்றில் 17,884 பேர் இறந்தனர் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் நமக்குத்தான். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 உயிர்கள். அவர்களுள் பலருடைய வாழ்வைப் பற்றி எழுத்தில் எஞ்சுவது அந்த அறிக்கை ஒன்றே. குடும்பத்துக்கு இழப்பீடு கிடைப்பதும் குறைவதும், ஓட்டுநர் தண்டனை பெறுவதும் விடுதலையாவதும், அதே வளைவில் அடுத்தவர் இறப்பதும் இறவாதிருப்பதும் அந்த எழுத்தைப் பொறுத்தவை. ஆகவே அதன் தமிழை ஆராய்வது நம் கடமை என்று கருதுகிறேன்.

ஆரூர்த் தெருவில் ஓர் அறிக்கை

தமிழ் இலக்கியத்தில் நாம் நன்கறிந்த சாலை விபத்து ஒன்று உண்டு. பெரிய புராணத்தின் திருநகரச் சிறப்பில் சேக்கிழார் பாடும் மனுநீதிச் சோழன் வரலாறே அது. ஆராய்ச்சி மணியின் ஒலி கேட்டு வாயிலுக்கு வந்த மன்னன், கண்ணீர் வடிக்கும் பசுவைக் கண்டு அமைச்சர்களை நோக்குகிறான். நிகழ்ந்ததை அறிந்த மூத்த அமைச்சர் ஒருவர் விடை கூறுகிறார். அவ்விடையை ஒரு விபத்து அறிக்கையாகவே நாம் படிக்கலாம்.

அமைச்சர் எதையும் மறைக்கவில்லை. தேரில் சென்றவன் மன்னனின் மகனே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். வாகனம் மணிகள் கட்டிய உயர்ந்த தேர். இடம் அரசர் உலாவும் தெரு. உடன் சென்றது தேர்ப்படை. முறையிட வந்தது கன்றை இழந்த தாய்ப்பசு. இத்தனையும் ஒரே பாட்டில் வருகின்றன. ஆனால் இறப்பைச் சொல்லும் இடத்தில் மட்டும் தொடரின் எழுவாய் மாறிவிடுகிறது. கன்றுதான் சக்கரங்களுக்கு நடுவே வந்தது, கன்றுதான் மாண்டது. இரண்டு வினைகளுக்கும் கன்றே வினைமுதல். தேருக்கும் தேரேறியவனுக்கும் அத்தொடரில் வினை இல்லை.

அமைச்சர் பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. கன்று துள்ளிப் புகுந்ததைக் கவிஞரே முன்னர்ப் பாடிவிடுகிறார். எனினும் உண்மையான செய்தியும் தொடரின் அமைப்பினால் ஒரு பக்கம் சாயக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று. மன்னன் அச்சாய்வுக்கு இணங்கவில்லை. கழுவாய் செய்து முடிக்கலாம் என்ற அமைச்சர்களின் கூற்றை மறுத்து, தேரை ஓட்டியவனின் பொறுப்பு எது என்ற வினாவையே கையில் எடுத்தான். சேக்கிழார் தாமும் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. அரசனிடம் அறிக்கை சொல்வோரின் மொழியை அவர் அறிந்தே எழுதியிருப்பார்.

நிலையத்துத் தமிழ்

அத்தெருவிலிருந்து நம் காவல் நிலையத்துக்கு வருவோம். விபத்து நிகழ்ந்ததும் எழுதப்படுவது முதல் தகவல் அறிக்கை. முன்னர்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவும், 2024ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும் அதற்கு அடிப்படை. தகவல் தருபவர் வாய்மொழியாகச் சொன்னால், காவலர் அதை எழுத்தில் வடித்து, படித்துக் காட்டி, கையொப்பம் பெற வேண்டும். எழுதப்படுவது சொன்னவரின் கூற்று. எழுதும் நடையோ நிலையத்தின் நடை. பெரும்பாலும் தகவல் தருபவர் விபத்தை நேரில் காணாதவர். செய்தி கேட்டு மருத்துவமனைக்கு ஓடிவந்த மகனாகவோ உடன்பிறந்தாராகவோ இருப்பார். காணாதவர் சொல்ல, காணாதவர் எழுதும் பனுவல் அது.

அதன் நடைக்கு ஓர் எடுத்துக்காட்டை நானே அமைத்துக் காட்டுகிறேன்: ‘நேற்று மாலை சுமார் 6.45 மணிக்கு என் தகப்பனார் மேற்படி சாலையில் நடந்து சென்றுகொண்டிருந்தபோது, எதிரே வந்த லாரியை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதியதில், பலத்த காயம்பட்டு, சம்பவ இடத்திலேயே இறந்துவிட்டார்.’ எச்சங்களை அடுக்கி ஒரு முற்றில் முடிக்கும் இந்நடை நம் உரையாசிரியர்களுக்கும் உரியதே. நீளம் குற்றமன்று. எந்த வினைக்கு யார் வினைமுதல் என்பது தெளிவாக இருக்கிறதா என்பதே கேள்வி.

ஓர் உருபு எவ்வளவு செய்யும் என்று பாருங்கள். ‘லாரி மோதி இறந்தார்’ என்பது ஒன்று. ‘லாரியில் மோதி இறந்தார்’ என்பது மற்றொன்று. முதல் தொடரை இலக்கண நோக்கில் ‘லாரி மோதியதால்’ என்று திருத்த வேண்டும். ‘செய்து’ என்னும் எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடிவது விதி. வழக்கில் அது நிலைத்துவிட்டது, பொருளில் ஐயமில்லை. இரண்டாம் தொடரோ இலக்கணப்படி பிழையற்றது. ஆனால் அதில் மோதியவரும் இறந்தவரே. இல் என்ற உருபு சேர்ந்ததும் வினை லாரியை விட்டு மனிதரிடம் போய்விட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இறந்தவருக்கும் கவனக்குறைவில் பங்குண்டு என்று வாதிட எதிர்த்தரப்புக்கு இத்தகைய தொடர் கைகொடுக்கும். அவ்வாதம் ஏற்கப்பட்டால் இழப்பீட்டுத் தொகை அந்த அளவுக்குக் குறையும்.

இரவில் சாலையோரம் விளக்கின்றி நிறுத்தப்பட்ட லாரியின் பின்னே ஓர் இளைஞரின் இருசக்கர வாகனம் மோதுகிறது என்று கொள்வோம். ‘நின்றிருந்த லாரியின் பின்புறம் மோதி இறந்துவிட்டார்’ என்று எழுதினால் அது உண்மையே. ஆனால் லாரியை அங்கே நிறுத்தியவர் யார், பின்விளக்கு எரிந்ததா, ஒளிதரும் பட்டை ஒட்டப்பட்டிருந்ததா என்பவை தொடருக்கு வெளியே நின்றுவிடுகின்றன. பிறருக்கு ஆபத்தாகும் வகையில் வாகனத்தைச் சாலையில் விட்டுச்செல்வதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவில் தடை செய்கிறது. நிற்றலும் ஒரு வினை; நிறுத்தியவர் அதன் வினைமுதல்.

அதிவேகம் என்னும் சொல்

நிலையத்துத் தமிழில் நிலைபெற்ற தொடர் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்பது. அதன் மூலம் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 279ஆம் பிரிவு. இன்று அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு இருக்கிறது. உயிரிழப்பு நேர்ந்தால் பழைய 304அ பிரிவுக்குப் பதில் 106ஆம் பிரிவு. சட்டம் சொல்வது இரண்டில் ஒன்று: விளைவை எண்ணாத துணிச்சல், அல்லது செய்ய வேண்டிய கவனத்தைச் செய்யாமை. நம் மொழியாக்கத்தில் துணிச்சல் வேகமாகிவிட்டது. அல்லது என்பது எண்ணும்மையாகிவிட்டது. மெதுவாகச் சென்றே ஒருவர் துணிந்து தவறான பக்கத்தில் ஏறலாம். அறிக்கையில் அவரும் அதிவேகமாகவே வருவார்.

இதனால் விளையும் கேடு இரண்டு. ஒன்று நீதிமன்றத்தில். லாரி விபத்து வழக்கொன்றில் 1998ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்குக் கருதத்தக்கது. அதிக வேகம் என்பது ஒப்புநோக்கிச் சொல்லும் சொல். அந்தச் சூழலில் அதிக வேகம் என்றால் எவ்வளவு என்று காட்டாமல் அச்சொல்லை மட்டும் கொண்டு குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ள இயலாது என்று கூறி, ஓட்டுநரின் விடுதலையை அந்நீதிமன்றம் உறுதி செய்தது. எல்லா அறிக்கையிலும் வரும் சொல் எந்த அறிக்கைக்கும் வலிமை தருவதில்லை. குற்றம் செய்தவர் அதனால் தப்பலாம். குற்றம் செய்யாத ஓட்டுநர், பெரிய வண்டியை ஓட்டினார் என்பதற்காகவே அச்சொல்லைச் சுமந்து ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலையலாம். அவரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற வறண்ட ஊர்களிலிருந்து பிழைக்கப் போனவர்தாம்.

மற்றொரு கேடு புள்ளிவிவரத்தில். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்த விபத்துகளுள் 72.3 விழுக்காட்டுக்கு அதிவேகமே காரணம் என்று அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அக்கணக்கு காவல்துறை தந்த தகவல்களிலிருந்து திரண்டது. வேகம் கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வேகத்தை அளந்தவர் யார் என்று நாம் கேட்க வேண்டாமா? வேகம் என்று எழுதி முடித்துவிட்டால் வளைவையும் பள்ளத்தையும் விளக்கில்லாத சந்திப்பையும் பற்றிப் பேச இடமில்லாது போகிறது.

வேகத்தை அளக்க வழியில்லாமல் இல்லை. தடை அழுத்தி வண்டி வழுக்கிச் சென்றால் சாலையில் சக்கரத்தின் தடம் பதியும். உலர்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வண்டி நிற்பதற்கு ஏறத்தாழ 20 மீட்டர் வழுக்கும். 80 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 36 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் தடம் ஏறக்குறைய இருமடங்காகிறது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாத தடைக் கருவி இருப்பதால் தடம் மங்கலாகவே விழும். ஆயினும் இருக்கும் தடத்தை நாடா கொண்டு அளந்து எழுதிய ஓர் எண், ‘அதிவேகமாகவும்’ என்ற சொல்லைப் பன்முறை எழுதுவதினும் மேலானது.

தொல்காப்பியர் கேட்கும் எட்டு

அவ்வாறாயின் நல்ல அறிக்கை எப்படி இருக்க வேண்டும்? விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகள் எட்டு எனத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் வகுக்கிறார். செயல், செய்தவர், செயலுக்கு உள்ளானது, இடம், காலம், கருவி, யார்பொருட்டு, என்ன பயன் என அவற்றை இன்றைய மொழியில் சொல்லலாம். இவற்றுள் சில வழக்கில் குறைந்து வருதலும் உண்டு என்கிறார். நன்னூலார் ஆறாகச் சுருக்கும்போதும் இடமும் காலமும் கருவியும் விடுபடவில்லை. விபத்து அறிக்கைக்கு இன்றியமையாதவையும் அவையே. நிலையத்துத் தமிழோ செய்தவரைப் பற்றிக்கொண்டு இம்மூன்றையும் குறைத்துவிடுகிறது.

சட்டம் இவற்றுக்கு இடம் வைத்திருக்கிறது. இடத்தைக் காட்டப் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் உண்டு. கருவியை ஆராய மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை உண்டு. உடலைக் குறித்து மரண விசாரணை அறிக்கையும் உடற்கூறாய்வுச் சான்றும் உண்டு. ஆனால் வரைபடத்தில் ஒரு கோடும் ஒரு பெருக்கல் குறியும் வடக்கு என்ற அம்பும் மட்டுமே இருந்தால், அஃது இடத்தைக் காட்டியதாகாது. சாலையின் அகலம் எவ்வளவு, மோதிய இடம் ஓரத்திலிருந்து எத்தனை மீட்டர், வண்டி நின்ற இடம் எது, செருப்பும் கண்ணாடித் துண்டும் சிதறிக் கிடந்த இடம் எது என்பவை அளவோடு வர வேண்டும். நடந்து சென்றவர் ஓரத்தில் இருந்தாரா நடுவில் இருந்தாரா என்ற வழக்கைத் தீர்க்க வல்லவை அவ்வளவுகளே.

நம் மண்ணை எண்ணிப் பாருங்கள். அருப்புக்கோட்டையை ஒட்டி மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலை ஒருவகை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கும், இங்கிருந்து நரிக்குடிக்கும் காரியாபட்டிக்கும் செல்லும் சாலைகள் வேறுவகை. இங்கே சீமைக் கருவேலம் சாலை விளிம்புவரை வளர்ந்து வளைவை மறைக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் ஆடுகள் பட்டிக்குத் திரும்புகின்றன. கரிமூட்டை ஏற்றிய வண்டிகளும் ஆலைவேலை முடிந்து வருவோரின் இருசக்கர வாகனங்களும் அதே நேரத்தில் வருகின்றன. ‘சுமார் 6.45 மணி’ என்று எழுதுவதோடு காலம் முடிந்துவிடாது. மார்கழியில் அந்நேரம் இருள், ஆனியில் வெளிச்சம். ‘மேற்படி சாலையில்’ என்றால் இடம் முடிந்துவிடாது. புதர் மறைத்த வளைவா, மணல் படிந்த பாலமா என்று எழுதினால்தான் நெடுஞ்சாலைத் துறைக்கு வேலை பிறக்கும். கருவேலத்தை வெட்ட வேண்டிய இடத்தில் ஓட்டுநரை மட்டும் தண்டித்தால், அடுத்த ஓட்டுநர் அதே இடத்தில் அடுத்த உயிரைப் பறிப்பார்.

பிரித்தானியக் காவல்துறையின் படிவத்தில் 2005ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் ஒரு விபத்துக்கு ஆறு காரணங்கள் வரை குறிக்க இடமிருந்தது. ஒன்றன் குற்றம் மற்றொன்றை விடுவிப்பதில்லை என்ற எண்ணமே அதன் அடிப்படை.

புதிய படிவங்கள்

நம் நாட்டிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு அமைச்சகம் விபத்துப் பதிவுக்குப் புதிய படிவத்தை வகுத்து, சாலையின் நிலை, வாகனம், ஓட்டுநர், பிறர் எனப் பிரித்துக் கேட்டது. 2021ஆம் ஆண்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பங்களிப்போடு ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் தொடங்கப்பட்டபோது, முதலில் ஏற்ற ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. காவலர் நிகழ்விடத்தில் நின்றே கைப்பேசியில் பதிவு செய்கிறார். இடத்தின் ஆயத்தொலைவு தானே பதிகிறது. போக்குவரத்து, நெடுஞ்சாலை, மருத்துவத் துறைகளும் தத்தம் பகுதியை நிரப்ப வேண்டும். இடம் என்னும் முதனிலை இவ்வாறு மீண்டு வந்திருக்கிறது.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதிகள் காலத்தையும் வரையறுத்தன. 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கை, 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கை எனக் காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டோரின் உரிமைகளைச் சொல்லும் படிவத்தையும் அவர்களிடம் தர வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை வழுவாது பின்பற்றுமாறு ஆணையிட்டது. மோதிய வாகனம் அடையாளம் காணப்படாத வழக்கில் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் பெறும் திட்டமும் 2022 ஏப்ரலிலிருந்தே உள்ளது. விண்ணப்பம் வருவாய்த் துறை அலுவலரிடம் தரப்பட வேண்டும். இத்திட்டத்தைக் குடும்பத்தாருக்குத் தெரிவிப்பது காவல்துறையின் கடமை என்று 2024ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றம் பணித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்கது.

படிவம் பெருகினால் மட்டும் உண்மை பெருகிவிடாது. கட்டத்தை நிரப்பும் கையிலும் பழைய தொடரே இருந்தால் பழைய முடிவே வரும். காவலர்களின் நிலையையும் மறந்துவிடலாகாது. விபத்து நடந்த இடத்துக்கு வரும் உதவி ஆய்வாளர், அடிபட்டவரை அனுப்ப வேண்டும்; போக்குவரத்தைச் சீராக்க வேண்டும்; அழுது நிற்கும் உறவினரைத் தேற்ற வேண்டும்; அத்தனைக்கும் இடையில் அளக்கவும் வேண்டும். அவருக்கு ஆளும் கருவியும் பயிற்சியும் தருவது அரசின் பொறுப்பு.

கையொப்பத்துக்கு முன்

நம் பொறுப்பு என்ன? என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, தந்தையின் இறப்புக் குறித்த அறிக்கையின் நகலைக் கொண்டுவந்து பொருள் கேட்டாள். சாலையோரமாக விறகு சுமந்து வந்தவர் அவர். அறிக்கையிலோ அவர் ‘சாலையைக் கவனக்குறைவாகக் கடக்க முயன்றபோது’ என்றிருந்தது. கீழே அவள் தாயின் கைந்நாட்டு இருந்தது. ‘படித்துக் காட்டக் கேட்டேன், சரி’ என்றும் எழுதியிருந்தது. ஒப்பாரிக்கு நடுவே படித்துக் காட்டிய அந்தத் தமிழை அத்தாய் எப்படிக் கேட்டிருப்பார்? “அம்மா, அப்பா கடக்கவே இல்லை; இந்த ஒரு சொல்லை மாற்ற முடியுமா?” என்று அவள் கேட்டாள்.

பதிவான முதல் தகவலை அழித்து எழுத இயலாது. ஆனால் அதுவே முடிந்த சான்றும் அன்று. புலனாய்வு அலுவலரிடம் கூடுதல் வாக்குமூலம் தரலாம்; நேரில் கண்டவரைக் காட்டலாம்; வரைபடத்தில் மோதிய இடம் எங்கே குறிக்கப்பட்டுள்ளது என்று பார்க்கலாம். தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எது நிகழ்ந்திருக்கக்கூடும் என்ற நிகர்தகவே போதும். இவற்றை அவளுக்கு எடுத்துரைத்து வழக்கறிஞர் ஒருவரிடம் அனுப்பிவைத்தேன். ஆனால் அந்தச் சொல் எழுதப்பட்ட இரவிலேயே எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர் அத்தாயின் அருகில் இருந்திருந்தால் இத்தனை அலைச்சல் நேர்ந்திராது.

ஆகவே இவ்வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நம் ஊர்களில் யாருக்கு இவ்விடர் நேர்ந்தாலும் நம்முள் ஒருவர் உடன் செல்ல வேண்டும். கையொப்பத்துக்கு முன் அறிக்கையை நிறுத்திப் படிக்க வேண்டும். யார் நடந்தார், யார் மோதினார், எங்கே, எந்த ஒளியில் என்று ஒவ்வொரு வினைக்கும் வினைமுதலைத் தேட வேண்டும். காணாததைக் கண்டதாக எழுத இசையலாகாது. நகலை இலவசமாகக் கேட்டுப் பெற வேண்டும். இரண்டாவது, தமிழ் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் பணிநிறைவு பெற்ற காவலர்களும் கூடி, அறிக்கைக்குரிய எளிய தமிழ்த் தொடர்களைத் தொகுத்துக் காவல்துறைக்கு வழங்க வேண்டும். ஆட்சித் தமிழ் என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். 1956ஆம் ஆண்டிலேயே ஆட்சிமொழிச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. அத்தமிழ் ஓர் ஏழையின் இறப்பைப் பிழையின்றிச் சொல்லுமாயின் அச்சட்டத்தின் பயன் நிறைவேறியதாகும்.

மாணவர்களே, எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று நாங்கள் வகுப்பில் கேட்கும்போது, தேர்வுக்கு வெளியே இவற்றால் என்ன பயன் என்று எண்ணாதீர்கள். ஒரு குடும்பத்தின் சோறு அவ்வேறுபாட்டில் இருக்கிறது.